விளையாட்டு விஞ்ஞானம் படிக்க வயது கேட்பதில்லை, கணிதம் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிம்மில் பயிற்றுநராக வேலை செய்பவர்கள், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பழக்குபவர்கள் என நம்மவர் பலர் முப்பது நாற்பது வயதில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்க விரும்புகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த வயதில் எடுப்பார்களா?" என்றுதான். அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. படிப்புத் தொடங்கும்போது 21 வயதைக் கடந்தவர் எல்லோரும் இங்கே 'மெச்சூர் ஸ்டூடன்ட்'தான். விண்ணப்பம் சிக்கிக்கொள்வது ஜிசிஎஸ்ஈ (இங்கே பாடசாலையில் பதினாறு வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சை) கணிதத்தில்.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் 4ஆம் தரம், அதாவது பழைய 'சி', கேட்கின்றன. ஓட்டக்காரரின் மூச்சிலிருந்து ஒட்சிசன் அளவைக் கணக்கிடுவதும், குதித்து இறங்கும்போது பாதம் தரையில் கொடுக்கும் விசையை அளப்பதும், அந்த எண்களைப் புள்ளிவிவரச் சோதனைக்கு உட்படுத்துவதும்தான் இந்தப் படிப்பின் பெரும்பகுதி. பந்தோடு மைதானத்தில் நிற்கும் நேரம் குறைவு.

இலங்கைச் சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சையில் கணிதத்தில் திறமைச் சித்தி ('சி') இருந்தால் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். வெறும் சாதாரண சித்தி ('எஸ்') பெரும்பாலும் போதாது. சான்றிதழ் தொலைந்திருந்தால் பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்திடம் பெறுபேற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுத் தகுதியை ஒப்பிட்டுச் சொல்லும் 'யூகே எனிக்' அறிக்கைக்குக் காசு கட்டுமுன், அது தேவையா என்று பல்கலைக்கழகத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். சிலர் தாங்களே சரிபார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு சில்லறைச் சிக்கல், ஆனால் வாரக்கணக்கில் இழுத்தடிப்பது: பெயர். சான்றிதழில் தலையெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி வேறொரு வரிசை, கலியாணத்துக்குப் பின் மூன்றாவது. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் பெயரையே எழுதி, முந்தைய பெயருக்கான கட்டத்தில் சான்றிதழில் உள்ளபடி நிரப்புங்கள்.

கணிதம் இல்லாதவர்களுக்கு நவம்பர் பரீட்சை இருக்கிறது. நவம்பரில் ஜிசிஎஸ்ஈ கணிதமும் ஆங்கில மொழியும் மட்டுமே நடக்கும். வெளிவாரிப் பரீட்சார்த்திகளை ஏற்கும் நிலையத்தில் ஒக்டோபர் முதல் நாட்களுக்குள் பதிய வேண்டும். ஓகஸ்ட்டிலேயே நிலையத்தைத் தேடத் தொடங்குவது நல்லது. தலா ஒன்றரை மணி நேரத்தில் மூன்று தாள்கள், அவற்றில் ஒன்றுக்குக் கல்குலேட்டர் கிடையாது. பல வருடமாகக் கைபேசியிலேயே கணக்குப் பார்த்தவர்கள் பின்னத்திலும் சதவீதத்திலும் இடறுவது அந்தத் தாளில்தான். இரண்டு மட்டங்களில் எளிதான 'பவுண்டேஷன்' மட்டத்தில் அதிகபட்சம் 5ஆம் தரம் வரை எடுக்கலாம். 4 வேண்டியவருக்கு அது போதும். வீம்புக்குக் கடினமான 'ஹையர்' எழுதத் தேவையில்லை. பெறுபேறு ஜனவரி முற்பகுதியில் வரும். ஜிசிஎஸ்ஈக்குப் பதிலாக எழுதும் நடைமுறைக் கணிதத் தகுதியான 'ஃபங்ஷனல் ஸ்கில்ஸ்' இரண்டாம் மட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. கேட்காமல் அந்த வகுப்பில் சேர வேண்டாம்.

உயர்தரம் (ஏ/எல்) இல்லாதவர்களுக்கும், அதை எழுதி இருபது வருடமாகிவிட்டவர்களுக்கும் ஏற்ற வழி, பெரியவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் ஆக்சஸ் டிப்ளமோ. முழுநேரமாக ஒரு வருடத்தில் 60 கிரெடிட். அதில் தரமிடப்படுவது 45. எல்லாவற்றிலும் டிஸ்டிங்ஷன் என்றால் 144 யூகாஸ் (பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் பொது அமைப்பு) புள்ளி, எல்லாம் மெரிட் என்றால் 96. சேருமுன் பாட அலகுகளின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். டிப்ளமோவின் பெயரில் 'ஸ்போர்ட்' இருந்தாலும், பல்கலைக்கழகம் கேட்கும் அளவுக்கு உயிரியலும் உடற்றொழிலியலும் உள்ளே இல்லாவிட்டால் பயனில்லை. ஜிம் பயிற்றுநர் சான்றிதழையோ கிரிக்கெட் கோச்சிங் சான்றிதழையோ மட்டும் வைத்து இடம் கிடைப்பது அரிது. டிப்ளமோவுக்கு எடுக்கும் அரச கடனான 'அட்வான்ஸ்ட் லேர்னர் லோன்', பின்னர் பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடியாகும்.

செப்டெம்பரில் டிப்ளமோ தொடங்கினால் ஜனவரி நடுவில் யூகாஸ் கெடு வந்துவிடும். நான்கே மாதம். அதற்குள் ஐந்து தெரிவுகள், பரிந்துரைக் கடிதம், சுயவிளக்கம் மூன்றும் தயாராக வேண்டும். பரிந்துரைக் கடிதத்தை ஆக்சஸ் ஆசிரியரோ வேலைத்தள மேலாளரோ எழுதலாம், உறவினரும் நண்பரும் எழுதக் கூடாது. சுயவிளக்கம் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகிவிட்டது: ஏன் இந்தப் பாடம், படித்தவை எப்படி உதவின, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350.

பெரியவர்களுக்குக் கைகொடுப்பது மூன்றாவது கேள்வி. "சிறுவயதிலிருந்தே விளையாட்டென்றால் உயிர்" என்ற வரி அங்கே எடுபடாது. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இங்கிலாந்து கிரிக்கெட் சபை ஓவர் வரம்பு வைத்திருக்கிறது. கழகத்தில் ஒவ்வொரு வாரமும் அந்த ஓவர்களை எண்ணிக் குறிப்பவர், வளரும் முதுகெலும்பில் ஏன் அழுத்த முறிவு வருகிறது என்று தேடிப் படித்ததை நான்கு வரியில் எழுதினால், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். இணையத்தில் கிடக்கும் மாதிரியைப் பிரதி பண்ண வேண்டாம். யூகாஸ் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

பணவிஷயம். பட்டப்படிப்புக்கு அரசு தரும் கல்விக் கட்டணக் கடனுக்கு இதுவரை வயது வரம்பு இல்லை. வதிவிடத்தைத்தான் பார்ப்பார்கள்: பொதுவாக நிரந்தர வதிவிட உரிமையும் அதற்கு முன் மூன்று வருட வாழ்வும். அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு அந்த மூன்று வருடம் தேவையில்லை. ஊரில் ஏற்கெனவே பட்டம் எடுத்தவர்களுக்குக் கடன் மறுக்கப்படுவது பலருக்கு அடியாக விழுந்த விதி. 2027 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு இங்கிலாந்தில் வரும் புதிய முறையில் இந்தத் தடையை நீக்குவதாக அரசு அறிவித்திருக்கிறது. எனவே, அண்ணன் போன வருடம் கேட்டுச் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் தொடக்கத் திகதிக்குரிய விதியைப் பாருங்கள்.

பிள்ளை பராமரிப்பு மானியமும் பெற்றோர் கற்றல் உதவித்தொகையும் திருப்பிக் கட்டத் தேவையில்லாதவை; விண்ணப்பத்தில் கேட்காமல் விடுபவர்கள் நிறைய. மறுபக்கம், யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை எடுப்பவருக்கு வாழ்க்கைச் செலவுக் கடன் வருமானமாகக் கணக்கிடப்படும். கடனை எடுக்காமல் விட்டாலும் எடுத்ததாகவே கொள்வார்கள். கடன் மூன்று தவணையாகத்தான் வரும், முதல் தவணை பல்கலைக்கழகத்தில் பதிவு முடிந்த பிறகே. செப்டெம்பர் வாடகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

இந்தப் பட்டத்தோடு பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. அது சட்டத்தால் காக்கப்பட்ட பெயர், அதற்குத் தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். பாடசாலையில் உடற்கல்வி படிப்பிக்கப் பட்டத்துக்குப் பின் ஆசிரியர் பயிற்சி தேவை. இவை தெரியாமல் மூன்றாம் வருடத்தில் விழிப்பதைவிட, விண்ணப்பிக்கும்போதே படிப்பின் பெயரை உன்னிப்பாகப் பார்க்கலாம்.

வேலையை விட முடியாதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தில் 'ஸ்போர்ட், ஃபிட்னஸ் அண்ட் கோச்சிங்' பட்டம் உண்டு. நுழைவுத் தகுதி கேட்பதில்லை, யூகாஸும் வேண்டாம், நேராகப் பதியலாம். அங்கே சேர்ந்தாலும் பின்னங்களை ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
மாணவர் சேர்க்கை ஆலோசனையில் பணிபுரியும் வாசகர்,
லண்டன்