இரண்டு பக்கம் கேட்கிறோம்: இளங்கலை வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கிலாந்து வரலாற்றுத் தாளைப் பற்றி எழுதுகிறேன். முதலாம் சார்லஸ் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் 1640களில் நடந்த உள்நாட்டுப் போரைச் சொல்லும் அலகுதான், உங்களுக்கே தெரியும். மூன்று வருடமாக ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் அதைப் பற்றித்தான் மனு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பதில் வராததைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். போன மாதம் ஒரு விடைத்தாளின் நகலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எழுதியவள் எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவி. அவள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. "உள்நாட்டுப் போரின் விளைவுகளை விவரி" என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். முதலாம் சார்லஸ் மன்னரின் தலை 1649 ஜனவரி 30 அன்று வெட்டப்பட்டது, பிரபுக்கள் சபை ஒழிக்கப்பட்டது, நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல் ஆட்சிக்கு வந்தது எல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டன. மீதி இரண்டு பக்கத்தில் 1647இல் லண்டனுக்கு அருகே பட்னியில் நடந்த விவாதத்தையும், 1649இல் லண்டன் பெண்கள் கொண்டுபோன மனுவையும் எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு பக்கத்திலும் மேலிருந்து கீழ்வரை சிவப்புக் கோடு. ஓரத்தில் "பாடத்தில் இல்லை" என்று ஒரு குறிப்பு. மதிப்பெண் மூன்று. தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்து அரியர் விழுந்துவிட்டது. அவள் அம்மா நூறு நாள் வேலையில் வாங்கிய கூலியில்தான் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினார்கள். அதிலும் அதே மூன்றுதான் வந்தது.

திருத்தியவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் திருத்தும் மையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டுக்கட்டாகத் தாள் வரும், கையில் விடைக்குறிப்பு இருக்கும், அதில் இல்லாததற்கு யாரும் துணிந்து மதிப்பெண் போட மாட்டார்கள். என் கோபமெல்லாம் அந்த விடைக்குறிப்பு எந்தப் புத்தகத்திலிருந்து வந்ததோ அந்தப் புத்தகத்தின் மேல்தான்.

அவள் எழுதியதில் என்ன தவறு என்று சொல்லுங்கள். 1647 அக்டோபர் கடைசியில், மன்னரைத் தோற்கடித்த படையின் வீரர்களும் அதிகாரிகளும் பட்னி ஊர்த் தேவாலயத்தில் கூடி, இனி இந்த நாட்டை யார் ஆள்வது, யாருக்கெல்லாம் ஓட்டு என்று வாதாடினார்கள். "இங்கிலாந்தின் ஆகப் பெரிய மனிதனுக்கு வாழ ஒரு வாழ்வு இருப்பதுபோல ஆக ஏழைக்கும் இருக்கிறது" என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நாட்டில் நிலையான சொத்து இல்லாதவனுக்கு ஓட்டுரிமை கிடையாது என்றார் கிராம்வெலின் மருமகன் அயர்ட்டன். படையின் செயலர்களில் ஒருவரான வில்லியம் கிளார்க் சுருக்கெழுத்தில் குறித்துவைத்ததால்தான் இந்தப் பேச்சு நமக்குக் கிடைத்தது. இருநூறு வருடத்துக்கு மேல் அச்சேறாமல் கிடந்த குறிப்புகள் அவை. ஓட்டுரிமையைப் பற்றிப் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் இது தெரிய வேண்டாமா?

பெண்களின் மனு அதைவிட முக்கியம். மன்னரைக் கொன்ற சில வாரங்களிலேயே புதிய ஆட்சி சாதாரண ஜனங்களுக்கும் உரிமை கேட்ட லெவலர் இயக்கத்தின் தலைவர்களான லில்பர்ன், வால்வின், ஓவர்ட்டன், பிரின்ஸ் என்ற நான்கு பேரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தது. அவர்களை விடுவிக்கச் சொல்லி 1649 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான பெண்கள் மனுவோடு நாடாளுமன்ற வாசலில் போய் நின்றார்கள். இது உங்களுக்குப் புரியாத பெரிய விஷயம், உங்கள் கணவர்களுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது, வீட்டுக்குப் போய் வீட்டு வேலையைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் ஓயவில்லை. மே மாதம் இன்னொரு மனுவோடு வந்தார்கள். மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட நாடாளுமன்றம் கொண்டுவந்த உரிமை மனு சொல்லும் உரிமைகளில் ஆண்களுக்கு நிகரான பங்கு எங்களுக்கும் இல்லையா என்று அதில் கேட்டிருந்தார்கள். 1628 உரிமை மனு நம் தாளில் வருடம் தவறாமல் வருகிற இரண்டு மதிப்பெண் கேள்வி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நியாயம் கேட்ட பெண்களுக்கு நம் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

எங்கள் கோரிக்கை இதுதான்: அந்த அலகில் இந்தச் சாதாரண ஜனங்களுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள்.

இப்போது புத்தகத்தில் இருப்பதை ஒருமுறை நீங்களே எடுத்துப் பாருங்கள். "நேஸ்பி, 1645, நாடாளுமன்றப் படை வெற்றி" என்று இருக்கிறது. ஜூன் 14 அன்று சண்டை முடிந்ததும், வென்ற படையினர் மன்னர் படையின் மூட்டை வண்டிகளோடு வந்த பெண்களில் நூறு பேரையாவது வெட்டிக் கொன்றார்கள். தப்பியவர்கள் பலரின் முகத்தைக் கத்தியால் கிழித்தார்கள். ஐரிஷ்காரிகள் என்று நினைத்துச் செய்தார்கள். அந்தப் பெண்கள் பேசியது வேல்ஷ் மொழியாக இருக்கக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பேசிய மொழிக்காக உயிர் போயிருக்கிறது. இதைச் சொன்ன அன்று என் வகுப்பில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. கிராம்வெல் "அயர்லாந்துக் கலகத்தை அடக்கினார்" என்று ஒரு வரி இருக்கிறது. 1649 செப்டம்பரில் அயர்லாந்தின் ட்ரோகெடா நகரம் அவர் படையிடம் விழுந்தபோது காவல்படையில் பெரும்பாலோரையும் கையில் சிக்கிய கத்தோலிக்கக் குருமாரையும் கொன்றதைத்தான் அந்த வரி குறிக்கிறது. அடக்கினார் என்ற சொல்லை எழுதும்போது யாருக்கும் கை கூசவில்லையா?

"மதக் காரணங்கள்" என்ற தலைப்பின் கீழே தலைமை ஆயர் லாட் பெயரும் ஒரு வாக்கியமும் மட்டும் இருக்கின்றன. ஜனங்கள் எதற்கு அப்படிக் கொதித்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரிவதே இல்லை. லாடும் அவர் பக்க ஆயர்களும் தேவாலயத்தில் வழிபாட்டுக்கான நற்கருணை மேசையைக் கிழக்குச் சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்து, முன்னால் மரக்கிராதி போட்டு, குருவானவர் உள்ளே, ஜனங்கள் வெளியே என்று ஆக்கினார்கள். ஸ்காட்லாந்தின் மேல் போர் தொடுக்க 1640இல் பிடித்துக் கொண்டுபோன வீரர்களே வழியில் இருந்த தேவாலயங்களில் அந்தக் கிராதிகளைப் பிடுங்கி எரித்தார்கள். சாமிக்கு எவ்வளவு பக்கத்தில் யார் போகலாம் என்கிற சண்டையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவா வேண்டும்? இதைச் சொன்ன உடனே முதல் பெஞ்சும் புரிந்துகொண்டது, கடைசிப் பெஞ்சும் புரிந்துகொண்டது. மனு கொடுத்த அந்த லண்டன் பெண்களும் தங்கள் மனுவில் முதலில் சொன்னது இறைவனின் சாயலில்தான் நாங்களும் படைக்கப்பட்டோம் என்பதைத்தான். மதத்தை ஒரு வரியில் முடித்துவிட்டால் அவர்களுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நான் எப்படி நடத்துவேன்?

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்களாம். அந்தச் சண்டையின் மிச்சம் சென்னைக் கோட்டைக்கே வந்தது. இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பிய பிறகு, 1665இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் புதிய தலைவராக ஃபாக்ஸ்கிராஃப்ட் வந்தார். அவரால் பதவி இழந்த எட்வர்ட் வின்டர், மன்னருக்கு எதிராகப் பேசினார் என்று குற்றம் சாட்டி, அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார். 1668 வரை கோட்டை வின்டர் கையில்தான் இருந்தது. ரயிலேறிப் போய்ப் பார்க்கக்கூடிய இடம். அதுவும் புத்தகத்தில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் இந்தத் தாளுக்குத் தமிழில் உருப்படியான புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் கைடை நம்பித்தான் பரீட்சைக்குப் போகிறார்கள். கைடு உங்கள் பாடநூலைச் சுருக்குகிறது, விடைக்குறிப்பு கைடைப் போலவே இருக்கிறது. நடத்துகிற எங்களில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது, கூட்டங்களுக்கு அழைப்பும் கிடையாது. வகுப்பில் நின்று சொல்லிக்கொடுக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் பாடத்திட்டம் போடுவது எந்த விதத்தில் சரி? மன்னிக்க வேண்டும், எழுத வந்தது இதுவல்ல. ஆனால் மனதில் இருந்ததைச் சொல்லாமல் விட முடியவில்லை.

திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். பழையதில் எதையும் நீக்கச் சொல்லவில்லை. போர்களின் பட்டியலும் ஆண்டுகளும் அப்படியே இருக்கட்டும். பட்னி, பெண்களின் மனு, நேஸ்பி, ட்ரோகெடா இவற்றுக்கு இரண்டு பக்கம் மட்டும் சேருங்கள். பாடநூலில் இல்லாவிட்டாலும் உண்மையான செய்தியை எழுதினால் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரி போடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் அந்த இரண்டு பக்கத்தை நானே எழுதித் தருகிறேன். பணம் வேண்டாம், என் பெயரும் போட வேண்டாம்.

நவம்பரில் அவள் அரியர் எழுத வருவாள். அதே கேள்வி வந்தால் எதை எழுதட்டும் மேடம் என்று நேற்று கேட்டாள். உங்கள் பதில் வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
இங்கிலாந்து வரலாற்றுத் தாள் நடத்தும் ஒரு கௌரவ விரிவுரையாளர்