சொல்லைப் பார்த்துத் தடுக்கும் விதியை நீக்குங்கள்: வலையமைப்புப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

வலையமைப்புப் பிரிவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கல்லூரி நூலகத்தில் பணிபுரியும் நான், எங்கள் கணினிகளுக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ப்ராக்ஸி சேவையகத்தில் கடந்த மாதம் நீங்கள் செய்த மாற்றம் குறித்து இருமுறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராததால், இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். வடிகட்டியே கூடாது என்று நான் வாதிடவில்லை. தீநிரல் பரப்பும் தளங்களையும் கடவுச்சொல் திருடும் போலித் தளங்களையும் வாசலிலேயே நிறுத்துவது உங்கள் கடமை, அதை நீங்கள் செய்வதால்தான் எங்கள் கணினிகள் ஓடுகின்றன. நான் கேட்பது ஒன்றே: இணைய முகவரியில் இருக்கும் சொல்லைப் பார்த்துத் தடுக்கும் விதியை நீக்குங்கள்.

எங்களுடன் பணிபுரியும் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று சென்ற வாரம் மருத்துவர் உறுதிசெய்தார். மறுநாள் மதிய இடைவேளையில் அவர் நூலகக் கணினியில் அமர்ந்து, நோயின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடினார். திரை முழுவதும் சிவப்பில் ‘ஆபாச உள்ளடக்கம், அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தது. அதன் கீழே அவருடைய பயனர் பெயரும் இருந்தது. இடத்துக்காகக் காத்திருந்த இரண்டு மாணவர்கள் பின்னால் நின்று அதைப் பார்த்தார்கள். அவர் எழுந்து என் மேசைக்கு வந்து, தாழ்ந்த குரலில், “நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே தேடலைத் தமிழில் செய்து பார்த்தேன், தடையில்லாமல் கிடைத்தது. வடிகட்டிக்குத் தமிழ்மீது பரிவு என்று இதற்குப் பொருளில்லை. முகவரிக்குள் போகும்போது ‘ம’ என்ற ஓர் எழுத்தே விழுக்காட்டுக் குறிகளோடு சேர்ந்து ஒன்பது குறிகளாக மாறிவிடுவதால், உங்கள் பட்டியலில் உள்ள ஆங்கிலச் சொற்களோடு அது பொருந்துவதில்லை, அவ்வளவுதான். பொருளை அறியாமல் எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் விதி இப்படித்தான் நடந்துகொள்ளும். பெயருக்குள் ‘செக்ஸ்’ என்ற எழுத்துகள் இருப்பதாலேயே எசெக்ஸ், சசெக்ஸ் பல்கலைக்கழகங்களின் தளங்கள் முன்பே தடைபட்டபோது அதை நான் பெரிதுபடுத்தாமல் விட்டது தவறு என்று இப்போது உணர்கிறேன். தீய தளமோ தன் இயல்பைத் தன் முகவரியில் எழுதிவைப்பதில்லை.

பட்டியல் பழையதுதான், ஆனால் அதன் கைக்கு எட்டுவது மாறிவிட்டது. முன்பு உலாவி ‘கனெக்ட்’ கோரிக்கையில் தளத்தின் பெயரையும் இணைப்புக்கான 443 என்ற துறை (போர்ட்) எண்ணையும் மட்டுமே ப்ராக்ஸியிடம் சொல்லும், அதற்குமேல் எல்லாம் மறைகுறியாக்கப்பட்டே போகும். கடந்த மாதம் ஒவ்வொரு கணினியிலும், உங்கள் சேவையகத்தை உலாவி நம்பச் செய்யும் மின்னணுச் சான்றிதழை நிறுவி, அந்த மறைகுறியாக்கத்தை நடுவில் பிரிக்கத் தொடங்கினீர்கள். அன்றுமுதல் நாங்கள் தேடும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பழைய பட்டியலின் முன் நிற்கிறது. விதியை எழுதியவர் இதை எண்ணியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன், மாற்றத்தைச் செய்தவர் எண்ணியிருக்க வேண்டும்.

இதே வழியில் எங்கள் வங்கிக் கணக்கும் மருத்துவப் பரிசோதனை முடிவும்கூட உங்கள் சேவையகத்தில் திறந்த நிலையில் கடந்து போகின்றன. இதற்கு எங்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை, ஒரு வரி அறிவிப்புகூட வரவில்லை. தடைப்பக்கத்தின் அடியில் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி மென்பொருளின் பெயரைப் பார்த்தேன். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்வரும் தேடற்சொற்களைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதே அம்மென்பொருளின் இயல்பான அமைப்பு. அதை நீங்கள் மாற்றியிருக்கிறீர்களா, பதிவேட்டை யார் படிக்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று அறிய எங்களுக்கு உரிமை உண்டு. தொடக்கத்தில் உலாவி அனுப்பும் தளப்பெயரை மட்டும் பார்த்து, இணைப்பைப் பிரிக்காமல் கடத்திவிடும் ‘ஸ்பிளைஸ்’ ஏற்பாடு 3.5 பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. வங்கிகளுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் அதைப் பயன்படுத்துங்கள்.

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவிலும் விடுமுறையிலும் நீங்கள் படும் பாட்டை அறிவேன். ஆயினும் மீண்டும் வேண்டுகிறேன்: சொல்லைப் பார்த்துத் தடுக்கும் விதியை நீக்கிவிட்டு, தளத்தின் முழுப் பெயரைக் கொண்டு மட்டும் தடுங்கள். தவறாகத் தடைபட்ட தளத்தைப் பற்றி முறையிட ஒரு முகவரியும், அதற்கு ஒரே வேலைநாளில் பதில் தரும் ஒருவரும் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கூட்டம் கூட்டி முடிவெடுக்க வேண்டும் என்றால் காத்திருக்கிறேன். ஆனால் தடைப்பக்கத்தின் வாசகத்தை மாற்ற எந்தக் கூட்டமும் தேவையில்லை. அந்த ‘ஆபாச’ என்ற சொல்லையும் பயனர் பெயரையும் அதிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அவர் நாளை மறுநாள் விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்புகிறார்.

பணிவுடன்,
நூலகர்