எல்லாவற்றுக்கும் ஒரே கப் கணக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சமையல் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாகக் கட்டம் கட்டி ‘1 கப் = 250 கிராம்’ என்று போடுகிறீர்களே, எதன் 1 கப் என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறீர்களா? 250 மி.லி. கப்பில் தண்ணீர் பிடித்தால் அந்தக் கணக்கு சரி. நான் அதை மைதாவுக்கும் நம்பி, 2 கப் கேட்ட கேக்குக்கு அரை கிலோ நிறுத்துக் கொட்டிவிட்டேன். கலவை கரண்டியை விட்டு விழவே இல்லை. வெந்தபின் கத்தியும் இறங்கவில்லை.

கோபத்தில் அதே கப்பைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தேன். மைதாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 128 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டால் 157. ஒரே மாவு, ஒரே கப், ஒரே கைதான், ஆனால் ஏறக்குறைய 30 கிராம் வித்தியாசம்! சர்க்கரை 210 வந்தது. அதைப் பொடித்துவிட்டு அளந்தால் 125-ஐத் தாண்டவில்லை, ஏனென்றால் பொடிக்குள் அவ்வளவு காற்று உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தல் அளவையும் முகத்தல் அளவையும் வேறு வேறு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அடுப்படியில் மறந்துவிடுகிறோம் (நானும்தான்).

உப்பு இன்னும் மோசம். தூள் உப்பு 1 டீஸ்பூன் சுமார் 6 கிராம் இருக்கும், தகடு தகடாக இருக்கும் உப்பில் சில வகை அதில் பாதிதான் வரும். எந்த உப்பு என்று சொல்லாமல் ‘2 டீஸ்பூன்’ என்று மட்டும் எழுதினால் வாயில் வைக்க முடியாமல் போவதற்கும் சப்பென்று போவதற்கும் நாங்களா பொறுப்பு?

இதில் கப்பே ஊருக்கு ஒரு அளவு. ஆஸ்திரேலியாவில் 250 மி.லி., அமெரிக்காவில் சுமார் 237, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மி.லி. என்றாலும் ஆஸ்திரேலியாவில் 20. வெளிநாட்டுக் குறிப்பை மொழிபெயர்த்துப் போடும்போது அது எந்த ஊர்க் கப் என்பதையும் சேர்த்து எழுதக்கூடாதா? அப்புறம், ‘1 கப் சலித்த மாவு’ வேறு, ‘1 கப் மாவு, சலித்துக்கொள்ளவும்’ வேறு. முதலாவது சலித்தபின் அளப்பது, அதில் மாவு குறைவாகத்தான் இருக்கும். உங்கள் பக்கத்தில் இரண்டும் மாறி மாறி வருகின்றன.

எல்லாவற்றையும் கிராமில் போடுங்கள் என்று அடம்பிடிக்கவில்லை. கால் டீஸ்பூன் ஈஸ்ட்டை என் தராசு சரியாகக் காட்டாது, அதற்கு ஸ்பூன்தான் நல்லது. மாவு, சர்க்கரை, கோகோ மூன்றுக்காவது கப்புக்குப் பக்கத்திலேயே கிராமையும் போடுங்கள். அந்த ‘1 கப் = 250 கிராம்’ கட்டத்தை மட்டும் தயவுசெய்து அடுத்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அரை கிலோ மைதாவை வீணாக்கிய வாசகி