வல்லநாட்டு சோடா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். கிழக்குத் தென்னையில் காய்ப்பு குறைந்துவிட்டது. உன் புது நாற்காலி படத்தை டீக்கடையில் காட்டினேன். உட்காருவதற்கு இருபதாயிரமா என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமைதான். அதில் நீ பதினோரு மணி நேரம் உட்காருவதை மட்டும் சொல்லவில்லை.

போன் வந்தால் எழுந்து நின்று பேசு. தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காதே, எழுந்து போய்க் குடி. கொஞ்சம் நட.

டிப்போ மெடிக்கல் கேம்பில் ஒரு டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. லண்டனில் மாடி பஸ்காரர்களை வைத்து ஜெரி மாரிஸ் என்பவர் ஆராய்ச்சி செய்து 1953-ல் வெளியிட்டாராம். ஒரே பஸ், ஒரே ரோடு. நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம். எங்கள் பஸ்ஸில் மாடி இல்லை. ஆனாலும் முப்பது வருஷம் நான் நின்றேன், பெரியப்பா உட்கார்ந்தார். உன்னை மட்டும், வெயில் படாத வேலையாகப் பார், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார் என்று விரட்டியவன் நானேதான். சரி, அதை விடு.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிள்ளை போன வாரம் எனக்கு பிரஷர் பார்த்தது. 150-க்கு 90. மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள் தாத்தா என்று அதட்டியது. நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? சுகர், கொழுப்பு? இன்னும் நாற்பது ஆகவில்லையே என்று இருக்காதே, நம் ஆட்களுக்கு மற்றவர்களைவிட முன்னாலேயே மாரடைப்பு வந்துவிடுகிறது. நடக்கவும் செய்.

பொங்கலுக்கு வந்தபோது தண்ணீர்த் தொட்டி மூடியைப் பார்க்க மாடிக்குப் போனாயே. ஏழாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நெஞ்சைத் தடவினாய். என்னைப் பார்த்ததும், "வாயுப்பா" என்று சிரித்தாய். நானும் தலையாட்டினேன்.

அந்த வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1994-ல் தூத்துக்குடி டிரிப். வல்லநாட்டில் பெரியப்பா இறங்கி ஒரு சோடா குடித்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது, இடது தோளை நீவிக்கொண்டே இருந்தார். "வாயுதான்டா" என்றார். ஏற்கெனவே பத்து நிமிஷம் லேட். டிரிப் கட் ஆகிவிடும் என்ற நினைப்பு எனக்கு. "வாயுதான் அண்ணே, டிப்போவுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி ரெண்டு விசில் கொடுத்தேன். அவரும் ஏறி உட்கார்ந்து எடுத்தார். ஐம்பது பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்தார். பெரியம்மாவிடம், வழியில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் சொன்னேன். இன்றைக்கும் பெரியம்மா அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, நெஞ்சு வலி என்று போனால் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதயம் காப்போம் என்று 2023-ல் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் உனக்கு இல்லாத ஆஸ்பத்திரியா?

இந்தச் சனிக்கிழமையே போய் ஈசிஜி எடு. தாளை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மா நம்பருக்கு வேண்டாம். அவளிடம் அந்தப் படியைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.

அப்பா