நகத்துண்டு போல ஒரு வெள்ளைக் கீற்று

அன்புள்ள கயல்,

போன வாரம் போனில் "சும்மா ஒரு ஸ்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உன்னிடம் மறைத்தது அன்றிலிருந்து உறுத்துகிறது. அது இதயத்துக்கான எம்.ஆர்.ஐ.

அறை வாசலிலேயே உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கம்மலும் வளையலும் எளிதாக வந்துவிட்டன. மெட்டிக்குச் சோப்பு தேவைப்பட்டது. தாலிக்கொடியைக் கழற்றியபோது அப்பா ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிவிட்டு, கொடியைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த இயந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா. டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அளவு. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். அதற்குள் படுத்தது இதுதான் முதல் முறை. எக்ஸ்ரே கிடையாது, நம் உடம்புத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன்தான் ரேடியோ அலைக்குப் பதில் சொல்கிறது. காதை அடைத்திருந்தும் சம்மட்டி அடிப்பது போலச் சத்தம். துடிக்கிற இதயம் படத்தில் கலங்காமலிருக்க மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டி, துடிப்பை அனுசரித்துப் படம் பிடிக்கிறார்கள். "மூச்சை விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்று ஹெட்போனில் ஒரு குரல். எத்தனை தடவை என்று எண்ணி, பாதியில் விட்டுவிட்டேன்.

பிறகு கையில், படத்தில் வெள்ளையாகத் தெரிகிற கடோலினியம் மருந்தை ஏற்றி, பத்து நிமிடம் காத்திருந்து மறுபடி எடுத்தார்கள். நல்ல தசையிலிருந்து மருந்து வடிந்துவிடும். செத்த இடத்தில் தங்கிவிடும். டாக்டர் திரையில் காட்டினார். கறுப்பு வளையமாக என் இடது கீழறை. அடிப்பக்கச் சுவரின் உள்ளோரத்தில் நகத்துண்டு போல ஒரு வெள்ளைக் கீற்று. பழைய மாரடைப்பின் வடு, கண்ணே. தீபாவளிக்கு முந்தின இரவு வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்தேனே, அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வடு சுவரின் கனத்தில் பாதியைத் தாண்டவில்லை. அடைப்பைச் சரிசெய்தால் அந்தத் தசை மறுபடி நன்றாக வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை ஆஞ்சியோகிராம்.

கழுத்துத் தமனியையும் பார்த்தார்கள். ரத்தத்தைக் கறுப்பாகக் காட்டிச் சுவரை மட்டும் எடுப்பிக்கிற படம் அது. ரத்தம் போகும் வழி நன்றாகத்தான் இருக்கிறது, சுவர்தான் தடித்திருக்கிறது. கொழுப்பு சேரச் சேர ரத்தக்குழாய் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து உள்வழியைக் காப்பாற்றிக்கொள்ளும். இதயத் தமனிகளில் இதை கிளாகோவ் என்பவர் 1987இல் காட்டினார். குழாயின் குறுக்குப் பரப்பில் சுமார் 40 சதவீதத்தைக் கொழுப்பு பிடித்த பிறகுதான் வழி குறுகத் தொடங்குமாம். அதுவரை வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை.

உன் பாட்டி 54 வயதில் அடுப்படியில் சாய்ந்தபோதும் ஊர் வாயு என்றுதான் சொன்னது. உனக்கு 38 ஆகிறது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது உனக்கு ரத்த அழுத்தம் ஏறியதை அங்குள்ள டாக்டரிடம் மறக்காமல் சொல். கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் பார்த்து முடிவை எனக்கு அனுப்பு. நாளை, மறுநாள் என்று தள்ளாதே.

டிக்கெட் போட அவசரப்படாதே, அப்பா கூடவே இருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கொடியை அவரே போட்டுவிட்டார். கை நடுங்கியதால் கொக்கி மாட்டத்தான் வெகுநேரம் ஆனது.

அன்புடன்,
அம்மா