வெறுங்கையோடு போன ராவணனுக்கு விளக்கு ஏற்றித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் இறுதியாண்டுக் கலைப்படைப்பு போன வாரம் கல்லூரிக் கூடத்தில் நாலு நாள் இருந்தது. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி, இவ்வளவு விஷயம் எங்கிருந்து பிடித்தாய் என்று. அங்கே நின்றபடி ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளியிலும் தமிழ் வழிதான், வாசல் தாண்டினால் மலையாளம். தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் காட்டும் தோல்பாவைக் கூத்தை வைத்து ராவணன் நிழலாக ஒரு படைப்பு செய்யலாம் என்று தொடங்கியபோது எனக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். முதலில் எழுதிக் கொடுத்த பின்னணிக் கட்டுரையில் ஆந்திரத்துத் தோலு பொம்மலாட்டத்தையும் நம் பாலக்காட்டுக் கூத்தையும் ஒன்றாகக் குழப்பி, வண்ண நிழல், ஒளி ஊடுருவும் தோல் என்றெல்லாம் எழுதியிருந்தேன். வழிகாட்டி டீச்சர் அதைத் திருப்பித் தந்து, பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார்கள். ஆந்திரத்துப் பாவையில் சாயம் பூசிய தோல் வழியாக வெளிச்சம் வரும், நிறம் திரையில் விழும். நம் பக்கத்துப் பாவையில் தோல் வெளிச்சத்தை மறைக்கும், உளியால் குத்திய துளை வழியாகத்தான் ஒளி வரும், அதனால் நிழல் கறுப்பு. தமிழ்நாட்டில் தோல்பாவை ஆடுகிற மண்டிகர் சமூகத்தார் வீட்டில் பேசுவது மராத்தி, அது இன்னொரு தனிக் கதை. "ஒரு ராத்திரியாவது கூத்துமாடத்துக்கு முன்னால் உட்கார், அப்புறம் எழுது" என்றார்கள். டீச்சர், அந்தத் திருப்பித் தந்த தாள்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த ராத்திரிக்குத் துணை வந்தது என் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர். ஷொர்ணூர்ப் பக்கம் ஒரு பகவதி கோயில். கூத்துமாடம், அதாவது கூத்து ஆடுகிற கட்டடம், கோயிலைப் பார்த்தபடி கட்டியிருக்கும், ஏனென்றால் கூத்து பகவதிக்காக நடப்பது. ராமனும் ராவணனும் போர் செய்த நேரத்தில் பகவதியான பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் அதைப் பார்க்க முடியவில்லை, அந்தக் குறை தீர வருஷா வருஷம் அவளுக்கு ஆடிக் காட்டுகிறார்கள் என்று கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார். திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. நடுச்சாமத்தில் எங்களைச் சுற்றி நாலைந்து பேர், அதில் மூன்று பேர் தூக்கத்தில். அப்போது உள்ளேயிருந்து ஒரு பாட்டு வந்தது. மூணாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அமுச்சி என் கையைப் பிடித்து, "இது நம்ம தமிழாட்ட இருக்குது கண்ணு" என்றார்.

தமிழேதான். கம்பராமாயணம். மலையாளம் பேசுகிற ஊரில், பகவதிக்கு முன்னால், கூத்து நடத்துகிற புலவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பன் பாட்டைச் சொல்லி வருகிறார்கள். கல்லூரியில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு, அதனால் ரெண்டு வருஷம் வகுப்பில் வாயைத் திறக்காமலே இருந்தேன். அந்த ராத்திரி எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை. அமுச்சி, அன்றைக்கு உன் கால் வீங்கியதுக்கும் சேர்த்து நன்றி.

காதில் விழுந்த ரெண்டு வரியைச் சொன்னதுமே என் பள்ளித் தமிழ் ஐயா யுத்த காண்டத்தை எடுத்துப் பிரித்துவிட்டார். முதல் நாள் போரில் தோற்ற ராவணனை ராமன் இன்று போய் நாளை வா என்று அனுப்புவதற்கு அடுத்து வருவது. "வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்" என்று தொடங்கி, நாரதர் மெச்சப் பாடிய நாக்கு, பத்து மகுடம், சங்கரன் தந்த வாள், கடைசியில் வீரம், அத்தனையையும் "களத்தே போட்டு, வெறுங்கையோடு இலங்கை புக்கான்". ஐயா 'போட்டு' என்ற சொல்லில் விரலை வைத்து, வாளைப் போடுகிற மாதிரியே வீரத்தையும் போட்டுவிட்டுப் போகிறான் பார் என்றார். என் படைப்பு அந்த நிமிஷம் உருவானது. ராவணன் வேண்டாம், அவன் விட்டுப்போன ஆறும் போதும்.

ஒற்றப்பாலம் பக்கத்துப் புலவர் ஐயாவுக்கு நான் யாரென்றே தெரியாது. முன்பெல்லாம் கூத்துமாடத்துக்குள் பெண்கள் போக மாட்டார்கள். இப்போது பெண்களே கூத்து நடத்தும் குழுவும் வந்துவிட்டது. ஐயா தன் வீட்டு முற்றத்தில் திரை கட்டி என்னைப் பின்னால் உட்காரவைத்தார். நிற்கிற பாவை, இருக்கிற பாவை, நடக்கிற பாவை, போர் செய்கிற பாவை என்று ஒரே ஆளுக்கே தனித்தனியாக எடுத்துக் காட்டினார். பழையவை மான்தோல். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான்தோலுக்கு வழியில்லை, நானும் ஆட்டுத்தோலில்தான் செய்தேன். தோல் பதம் பார்த்து எடுத்துக் கொடுத்து, ரெண்டு துண்டு வீணாகியும் காசு வாங்காத பாய் அண்ணனுக்கு நான் பெரிய கடனாளி.

புலவர் ஐயாவின் நோட்டில் பாட்டு தமிழ், எழுத்து மலையாளம். அச்சு மலையாளம் படிப்பேன், அந்தப் பழைய கையெழுத்து பிடிபடவில்லை. என் அறைத்தோழிக்கு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. அவள் உரக்கப் படிக்க, நான் தமிழில் எழுத, ஒன்பது இரவு போனது. புத்தகத்தில் இருக்கிற பாட்டுக்கும் நோட்டுக்கும் வேறுபாடு நிறைய, அதையெல்லாம் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன். கூத்தைப் பற்றி 1996இல் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எழுதிய ஆங்கில நூலைத் தேடிக் கொடுத்த நூலகர் அக்காவையும் சொல்லணும். எதிரே ஆளே இல்லாத ராத்திரிகளில் புலவர்கள் ஒருவருக்கொருவர் பேசி, விளக்கி, கேட்டுக்கொள்கிறார்கள் என்று பிளாக்பர்ன் எழுதியிருப்பதைப் படித்ததும் அந்த நாலைந்து பேர் ராத்திரி எனக்குப் புரிந்தது.

மார்பு, தோள், நாக்கு, மகுடம், வாள் ஐந்தையும் வெட்டிவிட்டேன். வீரத்தை எப்படி வெட்டுவது? ரெண்டு வாரம் அல்லாடி, கடைசியில் புலவர் ஐயாவுக்கே போன் செய்தேன். "தோலில் வெட்ட முடியாததுக்குத்தானே நாங்க விடிய விடியப் பேசறோம்" என்றார். ஆறாவது இடத்தில் வெறும் வெள்ளைத் துணியும் விளக்கும் வைத்து, அவர் அந்தப் பாட்டைச் சொன்ன குரலை ஓடவிட்டேன். கூடத்துக்குள் எண்ணெய் விளக்கு எரிக்கச் சம்மதித்து, நாலு நாளும் மணல் வாளியோடு பக்கத்தில் நின்ற காவலர் அண்ணனுக்கு நன்றி. சுடர் அசைய அசைய நிழலும் அசைந்தது, பல்பு வைத்திருந்தால் அது வந்திருக்காது.

நோட்டிலிருந்து எழுதிய பாட்டுகளையும் கம்பன் பாடத்தையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு நகல் போட்டிருக்கிறேன், புலவர் ஐயாவிடம் கேட்டுத்தான். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி படிக்கும் பிள்ளைகள் யாருக்காவது வேண்டுமென்றால் என் பள்ளித் தமிழ் ஐயாவிடம் ஒரு பிரதி இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள்.