பிபிசி மைக்ரோ ஃபிளாப்பிகளை ஏலத்துக்கு அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்தவை அவை. பள்ளிகளில் பழைய பொருள்களைப் பயனற்றவை என்று கழித்து ஏலம் விடும்போது, அந்தக் காலத்தில் நிரல்களைப் பதிந்துவைத்த ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளும் கேசட்டுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. தலைமையாசிரியர்கள் இதைத் தடுக்க வேண்டும்.

பிரிட்டனில் கடைக்கு வந்த பிபிசி மைக்ரோ விளையாட்டுகளைத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே படியெடுத்து இணையத்தில் வைத்துவிட்டார்கள்; உலாவியிலேயே அவற்றை இயக்கலாம். நம் ஊர் ஆசிரியர் ஒருவர் பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய கணக்குப் பயிற்சிக்கோ அநேகமாக ஒரே பிரதிதான் இருக்கும். அந்த ஃபிளாப்பி போனால் நிரலும் போயிற்று.

ஃபிளாப்பி கிடைத்ததும் பலர் செய்வது, ஏதாவது ஒரு டிரைவில் செருகிப் பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. நம் ஊர் ஈரக் காற்றில் உறைக்குள் இருக்கும் காந்தத் தட்டின்மேல் பூஞ்சை பிடித்திருக்கலாம். டிரைவின் ஹெட், அதாவது பதிவைப் படிக்கும் முனை, அதை உரசும்போது பதிவைத் தாங்கிய பழுப்புப் பூச்சு வளையமாகப் பெயர்ந்துவிடும். ஹெட்டில் ஒட்டிய அழுக்கு அடுத்த ஃபிளாப்பியையும் கீறும். முதலில் உறையின் நீள்துளை வழியே தட்டை மெல்லச் சுற்றி, வெளிச்சத்தில் பாருங்கள். வெண்புள்ளி தெரிந்தால் உறையின் ஓர் ஓரத்தை வெட்டித் தட்டை வெளியே எடுத்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுத் துணியால் இருபுறமும் துடைத்து, நன்றாக உலரவிட்டு, சுத்தமான வேறோர் உறையில் இடவேண்டும். ஒவ்வொரு ஃபிளாப்பிக்குப் பிறகும் ஹெட்டையும் துடைக்க வேண்டும். ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள்.

படிப்பதற்குப் பழைய பிசி ஏடி கணினியின் 1.2 எம்பி டிரைவ் போதும். அதைக் ‘கிரீஸ்வீசல்’ என்ற சிறிய யுஎஸ்பி பலகையோடு இணைக்க வேண்டும். டிரைவுக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். யுஎஸ்பி மின்சாரம் போதாது. இந்தப் பலகை கோப்புகளைப் பிரித்துப் பார்க்காது. தட்டில் காந்தத் திசை மாறும் ஒவ்வோர் இடைவெளியையும் அப்படியே பதிவுசெய்யும். தட்டில் வட்ட வட்டமாக உள்ள தடங்களில் ஒவ்வொன்றுக்கும் மூன்று சுற்றாவது பதியுங்கள். ஒரு சுற்றில் சிதைந்த செக்டார் (தடத்தின் ஒரு துண்டு) இன்னொன்றில் சரியாக வரலாம். பிபிசி மைக்ரோவில் ஃபிளாப்பிக் கோப்புகளை நிர்வகிக்கும் டிஎஃப்எஸ் என்ற மென்பொருள் ஒரு கோப்பை அழிக்கும்போது அட்டவணையிலிருந்து பெயரை மட்டுமே நீக்கும். அதனால் முழுத் தட்டையும் எடுத்தால், அழித்ததாக நினைத்த நிரல்கூடக் கிடைக்க வாய்ப்புண்டு. 40 தட ஃபிளாப்பியை 80 தடங்களுக்கான இந்த டிரைவில் படிக்க, இரண்டு இரண்டு தடமாகத் தாண்டச் சொல்ல வேண்டும். அதில் எதையும் எழுதிவிடாதீர்கள்: இந்த ஹெட் குறுகலானது, பழைய பதிவின் ஓரம் அழியாமல் நின்று புதியதைக் கெடுக்கும். தவறி எழுதிவிடாமல் இருக்க, உறையின் ஓரத்து வெட்டுக்குறியை முன்கூட்டியே ஒளிபுகாத ஸ்டிக்கரால் மூடிவிடுவது நல்லது.

கேசட்டில் சிக்கல் வேறு மாதிரி. அதில் நிரல் ஒலியாகப் பதிவாகியிருக்கும்: 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை வந்தால் பூஜ்யம், 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை வந்தால் ஒன்று. பிளேயரின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் முதலில் மங்குவது அந்த 2400தான். ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகைத் திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியை அணைத்துவிட்டு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 கூடவே கூடாது. அது அலையின் வடிவத்தைக் குலைத்துவிடும். ஸ்டீரியோ பிளேயரானால் இரு சேனல்களையும் கலக்காமல் தெளிவானதை மட்டும் எடுங்கள். ஹெட் சாய்ந்திருக்கும்போது கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும். ஒவ்வொரு 256 பைட் தொகுதியோடும் சரிபார்ப்பு எண் பதிவாகியிருப்பதால் எந்தத் தொகுதி கெட்டது என்று தெரிந்துவிடும். அதை மட்டும் திருகை மாற்றி மறுபடி ஓட்டலாம். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுப்பட்டை உதிர்ந்திருந்தால் நல்ல கேசட் கூட்டுக்கு நாடாவை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

சட்டம் குறித்துத் தயங்குவோருக்கு: இழப்பிலிருந்து காக்க, முறையாக வைத்திருப்பவர் காப்புப் பிரதி எடுக்க இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. பொதுவில் வெளியிடுவது வேறு. அதற்குப் பதிப்புரிமை உள்ளவரின் ஒப்புதல் வேண்டும். நிரல் எழுதிய ஆசிரியர்களில் பலருக்கு இன்று வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஆகவே மேலுறையில் எழுதியுள்ள பெயர், வகுப்பு, ஆண்டு ஆகியவற்றை இப்போதே படமெடுத்து, அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கணினி ஆர்வலர்கள் சிலர்,
சென்னை.